தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா? வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், வேறு வேறு சொற்களில். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஹாஷிமோட்டோ தைராய்டு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். எட்டு மாதம் சாப்பிட்டேன். இப்போது டி.எஸ்.எச். 2.1 என்று வந்திருக்கிறது. குணமாகிவிட்டதுதானே, நிறுத்திவிடலாமா?

வேண்டாம். டி.எஸ்.எச். என்பது தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன்; 2.1 இயல்பான அளவுதான். ஆனால் அந்த 2.1 மாத்திரை வாங்கிக்கொடுத்த மதிப்பெண். உங்கள் சுரப்பி வாங்கியது அல்ல.

கிருமிகளை விரட்ட வேண்டிய வெள்ளை அணுக்கள் வழி தவறித் தைராய்டு சுரப்பிக்குள் புகுந்து, அதையே எதிரியாக நினைத்துச் சிதைப்பதுதான் இந்த நோய். 1912-இல் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய அறுவை மருத்துவர் நான்கு பெண்களின் சுரப்பித் திசுவில் இதைப் பார்த்து எழுதினார். அதனால் அவர் பெயர். மாத்திரை இந்தத் தாக்குதலை நிறுத்துவதில்லை. சிதைந்த சுரப்பி சுரக்க முடியாமல் போன ஹார்மோனை ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான்.

இதில் ஒரு பொறி உண்டு. மாத்திரையில் இருக்கும் தைராய்டு ஹார்மோனான தைராக்சின் உடலில் பாதியாகக் குறையவே சுமார் ஏழு நாள் ஆகும். ஆகவே நிறுத்திய முதல் வாரங்களில் பெரிதாக எதுவும் தெரியாது. “நிறுத்திப் பார்த்தேன் டாக்டர், நன்றாகத்தான் இருந்தேன்” என்று பலர் சொல்வது பொய்யில்லை. பிறகு அசதி, மலச்சிக்கல், வறண்ட தோல், குளிர் தாங்காமை, மாதவிலக்குக் கோளாறு என்று ஒவ்வொன்றாகத் திரும்பும். கெட்ட கொழுப்பு ஏறும், இதயம் மந்தமாகும். பல காலம் கவனிக்காமல் விட்டால் நினைவிழந்து உயிருக்கே ஆபத்தாகும் நிலையும் அரிதாக வருகிறது.

மாத்திரை இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? 1891-இல் ஜார்ஜ் முர்ரே என்ற ஆங்கிலேய மருத்துவர், முகம் வீங்கி, பேச்சுக் குழறிக் கிடந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டு சாற்றை ஊசியில் செலுத்தினார். அவர் தேறி, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்கு 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. நமக்கு ஒரு மிளகு அளவு மாத்திரை போதும். அதற்குத்தான் இத்தனை அலுப்பு!

விதிவிலக்கு உண்டு. பிரசவத்துக்குப் பின் ஓராண்டுக்குள் வரும் தைராய்டு அழற்சி பலருக்குத் தானாகவே சரியாகும். நிறுத்திப் பார்க்கலாமா என்பதை உங்கள் மருத்துவர் ரத்தப் பரிசோதனையோடு முடிவு செய்யட்டும்.

எனக்கு டி.பி.ஓ. எதிர்ப்பொருள் 900-க்கு மேல் இருக்கிறது. டி.எஸ்.எச். சரியாக இருக்கிறது. எதிர்ப்பொருளைக் குறைக்க வழி என்ன?

டி.பி.ஓ. எதிர்ப்பொருள் என்பது உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு தைராய்டுக்கு எதிராக உண்டாக்கும் புரதம். அந்த எண்ணைத் துரத்தாதீர்கள். எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று ஒருமுறை தெரிந்தால் போதும். மாதாமாதம் பார்ப்பது வீண் செலவு. 900 இருப்பவர் 200 இருப்பவரைவிட நோய் முற்றியவர் என்று சொல்ல முடியாது. உங்களுக்கு இப்போது மாத்திரை தேவையில்லை. வருடம் ஒருமுறை டி.எஸ்.எச். பாருங்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே பாருங்கள். தைராய்டுக்கு நல்லது என்று அயோடின் மாத்திரைகளை வாங்கி விழுங்க வேண்டாம். அளவுக்கு மீறிய அயோடின் இந்த நோயைத் தூண்டிவிடும்.

தவறாமல் மாத்திரை சாப்பிட்டும் டி.எஸ்.எச். ஏறி இறங்குகிறதே, ஏன்?

இப்படிச் சொன்ன ஒருவரிடம் மருந்துப் பெட்டியையே கொண்டுவரச் சொன்னேன். காலை என்று எழுதிய அறையில் தைராக்சின், இரும்புச்சத்து, கால்சியம் மூன்றும் ஒன்றாகக் கிடந்தன. மூன்றையும் ஒரே மடக்கில் விழுங்கிவந்திருக்கிறார். இரும்பும் கால்சியமும் தைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். 100 மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதிலும் பாதி வழியிலேயே போனால் என்ன மிஞ்சும்?

வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு சாப்பிடுங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து உணவு, காபி. முடி வளர்ச்சிக்கென்று பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும்; அது முடிவையே பொய்யாகக் காட்டும். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே மறுபரிசோதனை. அதற்குமுன் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கர்ப்பமாக இருக்கிறேன். மாத்திரை குழந்தையைப் பாதிக்குமா?

மாத்திரை பாதிக்காது, நிறுத்தினால்தான் பாதிக்கும். முதல் மூன்று மாதங்கள் கருவுக்குச் சொந்தமாகத் தைராய்டு ஹார்மோன் கிடையாது. மூளை வளர்ச்சிக்கு அது நம்பியிருப்பது உங்களைத்தான். கர்ப்பம் உறுதியானதும் அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் அளவைக் கால் பங்கோ சற்றுக் கூடுதலாகவோ உயர்த்துவார்.

என் தம்பிக்குக் கிரேவ்ஸ் நோய். கை நடுங்குகிறது, கண் பிதுங்கியது போல் இருக்கிறது. அவனுக்கும் ஆயுள் முழுக்க மாத்திரையா?

அப்படி இல்லை. இங்கே எதிர்ப்பொருள் சுரப்பியைச் சிதைக்காமல், ஓயாமல் விரட்டி வேலை வாங்குகிறது; ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அந்தச் சுரப்பை அடக்கும் கார்பிமசோல் போன்ற மருந்தைப் பொதுவாக 12 முதல் 18 மாதம் கொடுத்து நிறுத்திப் பார்ப்போம். சிலருக்கு அடங்கிவிடும், திரும்பி வந்தால் கதிரியக்க அயோடின் அல்லது அறுவை சிகிச்சை. சிகிச்சை எடுக்காமல் விட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகி, பக்கவாதம் வரை கொண்டுபோகும்.

தம்பியிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். புகைப்பவரானால் இன்றோடு விடட்டும். கண்ணை அது மோசமாக்கும். மருந்து சாப்பிடும் நாட்களில் காய்ச்சலோ கடும் தொண்டை வலியோ வந்தால், மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அந்த மருந்தால் அவை ஆபத்தான அளவுக்குச் சரிவது அரிது, ஆனால் நடப்பதுண்டு.

ஒரு நாள் தைராக்சின் சாப்பிட மறந்துவிட்டேன். பயமாக இருக்கிறது.

பயம் வேண்டாம். ஏழு நாள் கணக்கு இங்கே உங்கள் பக்கம்தான். நாளை வழக்கம்போல் ஒன்று சாப்பிடுங்கள்.