மூத்த பூனை சீறுகிறது, குட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாமா?

கேள்வி: எங்கள் ஆண் பூனை கருப்பனுக்கு ஏழு வயது, கருத்தடை செய்தாகிவிட்டது. நான்கு நாளைக்கு முன் மகள் வேலை செய்யும் இடத்தில் கிடைத்த ஒரு பெண் குட்டியைக் கொண்டுவந்தாள். பத்து வாரம் இருக்கும். இரண்டையும் முன்னறையில் ஒன்றாக விட்டோம். அன்றிலிருந்து கருப்பன் அலமாரி மேல் ஏறி உட்கார்ந்து உறுமுகிறான். சரியாகச் சாப்பிடுவதில்லை. நேற்று என் படுக்கையில் சிறுநீர் கழித்துவிட்டான். பழிவாங்குகிறானா? குட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாமா?
வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அம்மா, குட்டியைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் கருப்பனின் மணல் தட்டைப் போய்ப் பாருங்கள். ஈரக்கட்டி வழக்கம்போல் இருக்கிறதா? அடிக்கடி போய்க் குந்துகிறானா, முக்குகிறானா, கத்துகிறானா, சொட்டுச் சொட்டாகவோ ரத்தம் கலந்தோ வருகிறதா? அப்படியானால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவானாலும் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். மனக்கலக்கத்தில் பூனையின் சிறுநீர்ப்பை அழற்சி அடைவதுண்டு. ஆண் பூனைக்குச் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகல். அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும்.

நன்றாகச் சிறுநீர் கழித்தாலும் இந்த வாரமே ஒருமுறை காட்டிவிடுங்கள். பூனைக்குப் பழிவாங்கத் தெரியாது. வலியாலோ, தட்டுக்குப் போகும் வழியில் குட்டி நிற்கும் பயத்தாலோதான் அவன் உங்கள் வாசனை உள்ள படுக்கைக்கு வந்திருப்பான். அவனைத் திட்டாதீர்கள்.

சாப்பாடும் அவசரம்தான். ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பருத்த பூனை பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடும். உப்பில்லாமல் அவித்த கோழியை இளஞ்சூடாக அலமாரி மேலேயே வையுங்கள். டின் மீன் குழம்பிலிருந்து மீனைக் கழுவிக் கொடுக்க வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். சண்டையில் காயம் பட்டாலும் பனடோ (பாராசிட்டமால்) மட்டும் கொடுக்கவே கூடாது. ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

சரி, இனி குட்டி. இன்றே அதைத் தனி அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். இரண்டு அறை வீடு என்றால் குளியலறை போதும். வெளியில் கிடைத்த குட்டி என்பதால் சளிக்காய்ச்சல், படர்தாமரை, குடற்புழு, தெள்ளுப்பூச்சி எதையும் கொண்டுவந்திருக்கலாம். இரண்டு வாரம் பிரித்து வைப்பது கருப்பனின் உடம்புக்கும் பாதுகாப்பு. அதற்குள் பூச்சி மருந்து, முதல் தடுப்பூசி, பூனை ரத்தப்புற்று வைரஸுக்கான ரத்தப் பரிசோதனை எல்லாம் முடித்துவிடுங்கள். நாய்க்கான தெள்ளு மருந்தைக் குட்டிக்குப் போடாதீர்கள். தண்ணீரில் ஊற்றினால் பாலாக வெளுக்கும் தார் வாசனைக் கிருமிநாசினியால் அந்த அறையைத் துடைக்கவும் வேண்டாம். இரண்டும் பூனையைக் கொல்லக்கூடும்.

பூனைகள் அறிமுகமாவது மூக்கால்தான். நீங்கள் முதல் நாளே முகத்துக்கு முகம் நிறுத்திவிட்டதால் கருப்பனுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஒரு பழைய காலுறையைக் கையில் மாட்டி, குட்டியின் கன்னத்திலும் வாயோரத்திலும் மெல்லத் தடவுங்கள். அதைக் கருப்பனின் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நாலடி தள்ளிப் போட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். கழுத்தை நீட்டுவான், காது முன்னும் பின்னும் திரும்பும், வால் நுனி துடிக்கும். ஒரு சீறல் வந்தாலும் பரவாயில்லை. முகர்ந்துவிட்டு எதுவுமே நடக்காததுபோல் சாப்பிடப் போனால், அன்றைய பாடம் முடிந்தது. இதே மாதிரி அவன் வாசனையைக் குட்டிக்குக் கொடுங்கள். இந்த நாட்களில் அந்தப் பக்கம் சாம்பிராணிப் புகை வேண்டாம், வாசனையை அது மூடிவிடும்.

அப்புறம் மூடிய கதவின் இருபுறமும் சாப்பாடு. அமைதியாகச் சாப்பிட்டால் நாளுக்கு ஒரு சாண் கிட்டே கொண்டுவாருங்கள். அடுத்து பார்வை. நம் வீடுகளில் திருடர் பயத்துக்குப் போட்ட கம்பிக் கதவு இதற்கு அருமையாக உதவும். ஆனால் குட்டி கம்பிக்கிடையே நுழைந்துவிடும். இடுப்பளவுக்கு வலையைக் கட்டிவிடுங்கள். முதலில் ஐந்து நிமிடம். காதைத் தட்டையாக்கி, இமைக்காமல் முறைத்தால் ஓர் அட்டையால் பார்வையை மறையுங்கள். கையை நடுவில் விடாதீர்கள்.

கருப்பன் எவ்வளவு வேகமாக வருகிறானோ அவ்வளவுதான் வேகம். இரண்டு வாரமும் ஆகும், இரண்டு மாதமும் ஆகும். இடையில் தீபாவளி வந்தால் அந்த வாரம் சந்திப்பே வேண்டாம். வெடிச்சத்தம் கேட்கும்போது எதிரே குட்டி நின்றால், பயமெல்லாம் அதன்மேல் கோபமாகத் திரும்பிவிடும்.

மணல் தட்டு மூன்று வேண்டும், வெவ்வேறு மூலைகளில். அலமாரி மேல் இடம் கருப்பனுக்கே இருக்கட்டும்.

ரேபிஸ் ஊசியை மறக்காதீர்கள், நம் குவாசூலு-நட்டாலில் அந்த நோய் இன்னும் போகவில்லை. தென்னாப்பிரிக்காவில் பூனைக்கும் இது சட்டப்படி கட்டாயம். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி, 30 நாள் கழித்து, ஓராண்டு முடிவதற்குள், இரண்டாவது. கருப்பனின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

இரண்டும் கட்டிப்பிடித்துத் தூங்காமல் போகலாம். ஒரே அறையில் ஆளுக்கொரு மூலையில் நிம்மதியாகக் கிடந்தாலே போதும். மூன்று மாதம் பொறுமையாகச் செய்தும் கருப்பன் ஒளிந்தே வாழ்ந்தால், குட்டிக்கு நல்ல வீடு பார்ப்பதில் தப்பில்லை. நான்கு நாளில் அந்த முடிவுக்கு வராதீர்கள்.