போர்டு பக்கம் திரும்பினால் 'ம்ம்ம்'

கேள்வி: கலை அறிவியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வயது 27. பி.காம். முதலாண்டில் 64 பேர். மதியச் சாப்பாடு முடிந்ததும் வரும் ஹவர் என்னுடையது. கணக்குப் போட போர்டு பக்கம் திரும்பினால், கடைசி பெஞ்சில் ஐந்தாறு பேர் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று சத்தம் எழுப்புகிறார்கள். யாரென்று கேட்டால் வகுப்பே சிரிக்கிறது. இரண்டு பேரை வெளியே அனுப்பினேன். மறுநாள் சத்தம் கூடியது. போன வாரம் ஒருவன் என் புடவையைப் பற்றிக் கொச்சையாகக் கமெண்ட் அடித்தான். துறைத்தலைவரோ, "கிளாஸ் கன்ட்ரோல் இல்லையா?" என்கிறார். இன்டர்னல் மார்க்கில் கை வைக்கலாமா?

பதில்: முதலில் அந்தப் புடவை கமெண்டைத் தனியே பிரித்து வையுங்கள். அது வகுப்புச் சேட்டை இல்லை. பாலியல் தொனியுள்ள பேச்சும் துன்புறுத்தல்தான் என்கிறது பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2015 விதிமுறைகளின்படி கல்லூரியில் இதற்கென உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். மாணவிகளைப் போலவே ஆசிரியைகளும் அதில் புகார் தரலாம். நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். புகார் தருவது உங்கள் முடிவு. ஆனால் தேதி, ஹவர், அவன் சொன்ன வார்த்தை அப்படியே, அருகில் இருந்தவர்கள் யார் என்பதை இன்றே எழுதி வைத்துவிடுங்கள்.

இனி 'ம்ம்ம்'. யாருடைய உதடும் அசையாது, அதனால் யாரும் மாட்டமாட்டார்கள். அந்தச் சத்தத்தின் பலமே அதுதான். "யாரது?" என்று கேட்ட நொடியில் பாடம் நின்று வேடிக்கை தொடங்கிவிடுகிறது, அவர்களுக்கு வேண்டியதும் அதுவே. ஆளைத் தேடாதீர்கள். சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்தாமல் கடைசி பெஞ்சுக்கு நடந்துபோய், அங்கே நின்றபடியே அடுத்த இரண்டு வரிகளைச் சொல்லுங்கள். கணக்கின் கட்டங்களையும் தலைப்புகளையும் வகுப்பு தொடங்குமுன்பே போர்டில் போட்டுவிடுங்கள். மீதியை, உடம்பைப் பாதி வகுப்பு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, மூன்று மூன்று வரியாக எழுதுங்கள்.

அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின், தன் கல்லூரி வகுப்பில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவரைக் கண்டித்தார். கண்டிக்கப்படாத மற்றவர்களும் சட்டென்று மாறியதைப் பார்த்துத்தான் வகுப்பைக் கட்டுக்குள் வைப்பது பற்றிய ஆராய்ச்சியிலேயே இறங்கினார். பின்னாளில் பள்ளி வகுப்புகளை வீடியோவில் பதிந்து பார்த்தபோது, கண்டிக்கும் விதத்தை வைத்து நல்ல ஆசிரியரை அடையாளம் காண முடியவில்லை. பின்பெஞ்சில் நடப்பதும் தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்வது, பாடத்தின் ஓட்டம் அறுந்துபோகாமல் நடத்துவது, இவற்றில்தான் வித்தியாசம் இருந்தது.

அந்த ஓட்டம் உங்கள் வகுப்பில் எங்கே அறுகிறது என்று பாருங்கள். ஒரு கணக்கைப் பதினைந்து நிமிடம் தொடர்ந்து போர்டில் போட்டால், மூன்றாவது நிமிடம் வழி தவறியவனுக்கு மீதிப் பன்னிரண்டு நிமிடம் வேலையே இல்லை. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு இப்போது ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் அந்தப் பெஞ்சில் இருக்கக்கூடும். பெயர் எழுதாமல், "இந்த மாதம் புரியாதது எது?" என்று துண்டுத்தாளில் ஒரு வரி கேளுங்கள். தமிழில் எழுதலாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

கணக்கையும் துண்டாக்குங்கள். 1,00,000 ரூபாய் இயந்திரம், குறைந்துசெல் மதிப்பு முறையில், அதாவது ஒவ்வொரு வருடமும் மீதமுள்ள மதிப்பில், 10 சதவீதம் தேய்மானம். முதல் வருடம் 10,000 என்பதை நீங்கள் போடுங்கள். இரண்டாம் வருடத்தை நோட்டில் போடச் சொல்லி மூன்று நிமிடம் தந்து, பெஞ்சுகளுக்கு நடுவே நடங்கள். 9,000-க்குப் பதிலாக மறுபடியும் 10,000 என்று எழுதியிருப்பவர்கள் கண்ணில் படுவார்கள். அங்கேயே குனிந்து, 90,000-க்குத்தான் இப்போது 10 சதவீதம் என்று காட்டிவிடலாம். பேனா ஓடும்போது முனகல் தானாக அடங்கும். வாய்விட்டுக் கேட்பதென்றால் கேள்வி முதலில், மனதுக்குள் ஐந்து எண்ணும் மௌனம், பெயர் கடைசியில். பெயரை முதலில் சொன்னால் மற்ற 63 பேரும் நிம்மதியாகிவிடுவார்கள்.

வெளியே அனுப்புவதை நிறுத்துங்கள். அது அவர்களுக்குக் கேன்டீன் நேரம். ஆப்சென்ட் போட்டால் செமஸ்டர் கடைசியில் வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய், பிரச்சினை பெரிதாகி உங்களிடமே திரும்பி வரும்.

கூட்டத்துக்குத் தலைவன் யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் அவனிடம் மட்டும் பேசுங்கள். ஸ்டாஃப் ரூம் வேண்டாம். நாலு பேர் முன்னால் நிற்க வைத்தால் அவன் கேட்கமாட்டான், முறைப்பான். "தம்பி, இன்னைக்கு ஜர்னல் என்ட்ரி போடும்போது மூணு தடவை பேசிட்டிருந்தீங்க. முன்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கல. நாளையிலிருந்து மூணாவது பெஞ்ச்ல உக்காருங்க." உங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், சந்தேகத்தை இல்லை. அம்மா அப்பா, ஊர், சாதி, பழைய மார்க் எதையும் இழுக்க வேண்டாம்.

அதற்கும் மாறவில்லையென்றால், இரண்டாம் முறை வகுப்பு டியூட்டரை, அதாவது அந்த வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியரை, உடன் வைத்துப் பேசுங்கள். பெற்றோரை எடுத்த எடுப்பில் கூப்பிடாதீர்கள். கூலி வேலைக்குப் போகும் அப்பாவுக்கு ஒரு நாள் சம்பளம் போகும். மகனுக்கு உங்கள் மேல் கோபம்தான் மிஞ்சும்.

இன்டர்னலில் கை வைக்கவே கூடாது. அது தேர்வு, அசைன்மென்ட் போன்றவற்றுக்கான மார்க். பிடிக்காத நடத்தைக்குக் குறைத்தால், விடைத்தாளோடு அவன் முதல்வரிடம் போகும்போது உங்களிடம் பதில் இருக்காது.

துறைத்தலைவரிடம் 'சத்தம் போடுகிறார்கள்' என்று மட்டும் போனால் பழைய பதில்தான் கிடைக்கும். ஒரு நோட்டில் தேதி, நடந்தது, நீங்கள் செய்தது என்று குறித்து வாருங்கள். மூன்றாம் முறை அதைத் தாளில் எழுதிக்கொண்டு போய், "நான் ஒரு தடவை பேசியாச்சு சார், டியூட்டரோடவும் பேசியாச்சு. இனி நீங்க கூப்பிட்டுப் பேசணும்" என்று கேளுங்கள். கொடுத்த தாளின் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.