சபைப் பள்ளி ஆசிரியருக்கு ஜூன் மாதத் தியானப் பயிற்சி மட்டும் போதுமா?

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில் கிறிஸ்தவ சபை நடத்தும் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்திருக்கிறேன். நிர்வாகப் பணியிடம் (சம்பளம் அரசு தருவதல்ல, நிர்வாகம் தருவது), சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. 6, 7, 8ஆம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும் பள்ளி திறக்கும் முன் இரண்டு நாள் பயிற்சி வைக்கிறார்கள். ஜெபம், தியானம், ஆசிரியரின் அழைப்பு பற்றிய செய்தி என்று மனதுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் வகுப்பில் அது எனக்குக் கைகொடுக்கவில்லை. சிறுபான்மைப் பள்ளிக்கு டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) வேண்டாம் என்கிறார்களே, உண்மையா? அதிகச் செலவில்லாமல் வேறு என்ன பயிற்சி எடுக்கலாம்? இந்த வருடம் நன்னெறி வகுப்பும் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். பாதிப் பிள்ளைகள் இந்து, முஸ்லிம் குடும்பத்தினர். எப்படி நடத்துவது?

பதில்: முதலில் டெட். எழுதுங்கள். உச்ச நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

‘வேண்டாம்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014 மே மாதம் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உதவி பெறும் பள்ளிகளும் அதில் அடக்கம். டெட் அந்தச் சட்டத்தின் வழியாக வந்த தகுதி என்பதால், அதுவும் நமக்கில்லை என்று பல நிர்வாகங்கள் எடுத்துக்கொண்டன. 2025 செப்டம்பர் 1 தீர்ப்பில் நிலைமை மாறியது. சிறுபான்மை அல்லாத பள்ளிகளில், ஓய்வு பெற ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரமதி தீர்ப்பு சரிதானா என்ற சந்தேகத்தையும் எழுப்பி, சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வியைப் பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பிவைத்தது. அரசியல் சட்டத்தின் 30ஆவது பிரிவு பள்ளி நடத்தும் உரிமையைச் சபைக்குத் தருகிறது. ஆசிரியரின் குறைந்தபட்சத் தகுதியை அரசு வகுக்கலாம் என்பதும் 2002 டி.எம்.ஏ. பாய் வழக்கிலேயே சொல்லப்பட்டதுதான்.

பெரிய அமர்வு எப்படிச் சொன்னாலும் சான்றிதழ் உங்கள் கையில் இருந்தால் நஷ்டமில்லை. தேறிவிட்டால் அது ஆயுள் முழுக்கச் செல்லும். நாளைக்கு வேறு பள்ளிக்கு மாறினாலும், அரசுப் பணிக்கு விண்ணப்பித்தாலும் கேட்கப்போகும் முதல் தாள் அதுதான். 6 முதல் 8 வரை எடுக்கும் உங்களுக்கு உரியது தாள் 2. குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணிதம்-அறிவியல் 60 என மொத்தம் 150. பொதுப்பிரிவில் 90 எடுத்தால் தேர்ச்சி. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு, அந்த ஆண்டின் அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஆள் பற்றாக்குறை என்று உங்களை 4, 5ஆம் வகுப்புக்கு நிரந்தரமாக மாற்றப் பார்த்தால் யோசியுங்கள். தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சரி, அந்த ஜூன் மாதப் பயிற்சிக்கு வருகிறேன். அது வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எதற்காக இந்த வேலைக்கு வந்தோம் என்பதை வருடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து யோசிக்கவைக்கும் பள்ளிகள் குறைவு. ஆனால் அதைத் தொழில் பயிற்சிக் கணக்கில் எழுதக்கூடாது. அர்ப்பணிப்பு இருந்தால் பாடம் தானாக வந்துவிடும் என்ற நினைப்பு நம் பள்ளிகளில் ஆழமாக இருக்கிறது. இதை நான் கவலையோடுதான் சொல்கிறேன். நம் முன்னோர் அப்படி நினைக்கவில்லை. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1716இலேயே ஆசிரியர்களையும் உபதேசிமார்களையும் பயிற்றுவிக்கத் தனியாக ஒரு நிலையம் தொடங்கினார். சென்னையில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி 1923இலும் மெஸ்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி 1937இலும், பாளையங்கோட்டையில் செயின்ட் சேவியர் கல்வியியல் கல்லூரி 1950இலும் வந்ததற்குக் காரணம், நல்ல விசுவாசியாக இருப்பது வேறு, கணக்கு சொல்லித்தரத் தெரிவது வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததுதான்.

உங்கள் பாடத்திலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பில் 1/3 பெரிதா, 1/4 பெரிதா என்று கேட்டால் கணிசமான பிள்ளைகள் 1/4 என்பார்கள். மூன்றைவிட நான்கு பெரிது அல்லவா? உடனே நாம் என்ன செய்கிறோம்? “பகுதி (கீழே உள்ள எண்) சிறிதாக இருந்தால் பின்னம் பெரிது” என்று ஒரு விதியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். அந்த விதியோடு வீட்டுக்குப் போன பிள்ளை 2/3, 3/4 வந்ததும் 2/3தான் பெரிது என்று எழுதுகிறது. விதிப்படி அது சரியாகத்தான் யோசித்திருக்கிறது. தப்பு நாம் கொடுத்த விதியில் இருக்கிறது. இதற்குப் பதிலாக 12 செ.மீ. நீளக் காகிதப் பட்டைகளை வெட்டிக் கொடுங்கள். மூன்றாக மடிப்பது அந்த வயதில் சிரமம். ஸ்கேல் வைத்து அளந்து கோடு போடச் சொல்லுங்கள். 1/3 என்றால் 4 செ.மீ., 1/4 என்றால் 3 செ.மீ. அப்புறம் 2/3 எட்டு, 3/4 ஒன்பது. பட்டைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிள்ளைக்கு விதியே தேவைப்படாது. பட்டையைக் கொடுக்கும் முன்பு “எப்படிச் சொன்னே?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலுக்கு மூன்று விநாடியாவது காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்புகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி போலத்தான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள்.

இந்த மாதிரி விஷயம் மேடைப் பேச்சில் வராது. யாராவது உங்கள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தால்தான் வரும். அதனால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் பயிற்சிக்குப் பைசா செலவில்லை. நீங்கள் மதிக்கும் ஒரு மூத்த ஆசிரியரைப் பதினைந்து நாளைக்கு ஒரு பாடவேளை வந்து பின்னால் உட்காரச் சொல்லுங்கள். அவர் மதிப்பெண் போட வேண்டாம். பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வரிசையைத் தாளில் வரைந்து, நீங்கள் யாரிடமெல்லாம் கேள்வி கேட்டீர்கள் என்று டிக் மட்டும் போடட்டும். எந்தப் பக்கம் டிக்கே விழவில்லை என்பது அந்தத் தாளில் தெரிந்துவிடும். பதிலுக்கு நீங்களும் அவர் வகுப்பில் போய் உட்காருங்கள்.

அடுத்தது இலவசப் பாடங்கள். மத்திய அரசின் திக்ஷா இணையதளத்தில் நிஷ்தா என்ற ஆசிரியர் பயிற்சிகள் இருக்கின்றன. தமிழக அரசு 2023இல் கொண்டுவந்த மணற்கேணி செயலியில் நம் பாடநூலுக்கான காணொளிகள் இருக்கின்றன. பாடம் எடுக்கும் முந்தின நாள் பார்க்க அது உதவும். வட்டார வள மையத்தில் பயிற்சி நடக்கும்போது நிர்வாகப் பணியிடத்தில் இருப்பவரை அனுப்பத் தயங்குவார்கள். தலைமையாசிரியரிடம் நீங்களே கேளுங்கள். வருடத்துக்கு 50 மணி நேரம் என்பது தேசியக் கல்விக் கொள்கையிலும் சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலும் உள்ள அளவு. நம் மாநிலம் அந்தக் கொள்கையை ஏற்கவில்லை என்றாலும், உங்களுக்கு நீங்களே வைத்துக்கொள்ள நல்ல இலக்கு. எம்.எட். இப்போதைக்கு வேண்டாம்; டெட் முடியட்டும்.

நன்னெறி வகுப்புதான் உங்கள் கேள்வியில் நுட்பமான பகுதி. அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு தெளிவாக இருக்கிறது: அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், மைனர் பிள்ளையை அதன் பாதுகாவலர் சம்மதிக்காமல் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்கக்கூடாது. பல கத்தோலிக்கப் பள்ளிகளில் இதற்கு நெடுநாள் வழக்கம் ஒன்று உண்டு. கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போவார்கள், மற்றவர்கள் அதே நேரத்தில் நன்னெறிக்குப் போவார்கள். உங்கள் பள்ளியில் எல்லோரும் ஒரே அறையில் என்றால், உங்களிடம் இருப்பது நன்னெறி வகுப்பு, திருமறை வகுப்பல்ல என்பதைத் தாளாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நல்ல சமாரியன் கதையைச் சொல்லலாமா என்றால், தாராளமாக. அடிபட்டுக் கிடந்தவனை வேற்று இனத்தான் தூக்கிவிட்ட கதை அது. சொல்லி முடித்ததும் “நம்ம தெருவுல அந்த மாதிரி யாரு?” என்று கேளுங்கள். பாத்திமாவும் முருகனும் அவரவர் வீட்டுக் கதையைச் சொல்ல இடம் கொடுங்கள். வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்வதும், கண்ணை மூடி ஜெபிக்கச் சொல்வதும் சம்மதம் கேட்காமல் செய்யக்கூடாதவை. இதை எப்படி நடத்துவது என்று ஜூன் பயிற்சியில் ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லி நீங்களே கேட்கலாம். அந்த இரண்டு நாளுக்கு மிகப் பொருத்தமான பாடம் இதுதான்.

நிர்வாகத்திடம் கேட்பதை எழுத்தில் கேளுங்கள். ஒரு பக்கம் போதும்: எந்தப் பயிற்சி, எத்தனை நாள், உங்கள் பாடவேளையை யார் பார்த்துக்கொள்வார், திரும்பி வந்ததும் மற்ற கணக்கு ஆசிரியர்களுக்கு என்ன பகிர்ந்துகொள்வீர்கள். டெட் தேர்வுக்கு முந்தின வாரம் விடுப்பு வேண்டுமானால் அதையும் இதிலேயே சேர்த்துவிடுங்கள். காலாண்டுத் தேர்வு நெருங்கிய பிறகு யாரும் பாடவேளையை விட்டுத்தர மாட்டார்கள், அதனால் கால அட்டவணை போடும் ஜூன் மாதத்திலேயே கொடுங்கள். பயிற்சிச் சான்றிதழ்களின் நகலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துக் கோப்பில் சேர்க்கச் சொல்லி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். உதவி பெறும் பணியிடம் காலியாகி உங்கள் பெயர் நியமன ஒப்புதலுக்குப் போகும் நாளில் அந்தக் கோப்பைத்தான் எடுப்பார்கள்.