‘தேய்மானம்’ என்றார்கள், நடப்பதை விட்டுவிட்டேன்

கேள்வி: எனக்கு வயது 61. ஓய்வுபெற்ற ஆசிரியை, திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். இரண்டு வருடமாக இரண்டு முழங்காலிலும் வலி, வலது பக்கம் கூட. குந்தினால் எழும்ப முடியவில்லை. படி இறங்கும்போது கால் மடிந்து விழப்பார்க்கிறது. எக்ஸ்ரே எடுத்த இடத்தில் ‘தேய்மானம், எலும்போடு எலும்பு உரசுகிறது, இனி அதிகம் நடக்காதீர்கள்’ என்றார்கள். வெள்ளிக்கிழமைகளில் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயிலுக்கு நடந்தே ஏறுவேன், ஆறு மாதமாக அதையும் விட்டுவிட்டேன். வலி குறையவில்லை, எடைதான் நாலு கிலோ கூடி 74 ஆகிவிட்டது. பிரஷருக்கும் சீனிக்கும் குளிசை எடுக்கிறேன். மகன் கனடாவில் இருந்து குளுக்கோசமின் அனுப்புகிறார். தெரிந்தவர் ஒருவர் ஒரு தூள் வாங்கித் தந்தார். மூன்று நாளில் வலி பறந்தது, விட்டால் திரும்பி வருகிறது. போன மாதம் சீனியும் கூடிவிட்டது. தூளைத் தொடரலாமா? கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் சுகம் வருமா? இனி நடக்கவே கூடாதா?

பதில்: அம்மா, போகிற போக்கில் எழுதிய அந்தத் தூளைத்தான் நான் முதலில் எடுக்கிறேன். இரண்டு வருட வலி மூன்றே நாளில் பறக்கிறது, விட்டதும் வருகிறது, கூடவே சீனியும் ஏறுகிறது. இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் எனக்கு வருகிற முதல் சந்தேகம் ஸ்டீரொயிட், வீக்கத்தையும் வலியையும் வேகமாக அடக்குகிற ஹோர்மோன் மருந்து. பேரோ சீட்டோ இல்லாத பொட்டலத் தூள்களில் பிரட்னிசலோன், டெக்ஸாமெதசோன் போன்றவை அரைத்துக் கலந்திருப்பது பல நாடுகளில் ஆய்வுகூடத்தில் பிடிபட்ட விஷயம். உங்கள் பொட்டலத்தில் அது இருக்கிறதா என்று இங்கிருந்தபடி யாரும் சொல்ல முடியாது. இருந்தால், வலியை அது உண்மையாகவே குறைக்கும், அதுதான் அதன் ஆபத்து. மாதக்கணக்கில் போனால் முகம் உப்பும், தோல் மெலிந்து தொட்ட இடமெல்லாம் கண்டிப்போகும், எலும்பு பலமிழக்கும், பிரஷரும் சீனியும் கட்டுக்குள் நிற்காது.

இதிலே ஒரு சிக்கல் உண்டு. சில வாரங்களுக்கு மேல் தினமும் எடுத்திருந்தால் திடீரென நிறுத்துவதும் பிழை. வெளியில் இருந்து ஸ்டீரொயிட் வரும்வரை உடம்பு தன்னுடையதைச் சுரப்பதைக் குறைத்துவிடும். சட்டென்று விட்டால் தலைச்சுற்று, வாந்தி, மயக்கம் வரை போகலாம். ஆகவே கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல், மிச்சத் தூளையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே வைத்தியரிடம் போங்கள். எத்தனை நாள், எவ்வளவு எடுத்தேன் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நாட்டு வைத்தியம் செய்கிற பரியாரிமாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எண்ணெய் பூசி உருவி, நொச்சி இலை ஒற்றடம் கொடுக்கிறவரிடம் தாராளமாகப் போகலாம். வாய்க்குள் போகிற, பெயர் சொல்லப்படாத சாமான்தான் வேண்டாம்.

இனி அந்தத் ‘தேய்மானம்’. இந்தச் சொல்லைக் கேட்டதும் கண்முன் வருவது சைக்கிள் டயர்: ஓட ஓடத் தேயும், ஓடாமல் வைத்தால் மிஞ்சும். அந்த நினைப்பில்தான் நீங்கள் கோயில் நடையை விட்டிருக்கிறீர்கள். முழங்கால் அப்படி வேலை செய்வதில்லை. எலும்பு நுனியில் இருக்கிற குருத்தெலும்புக்கு, நீங்கள் பள்ளியில் கசியிழையம் என்று படிப்பித்திருப்பீர்களே, அதற்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கிற வழுவழுப்பான திரவம்தான் அதற்குச் சாப்பாடு போடுகிறது. கோப்பை கழுவுகிற பஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். அமுக்கினால் பழைய தண்ணீர் வெளியே வரும், விட்டால் புதுத் தண்ணீரை உறிஞ்சும். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அங்கே நடப்பது அதுதான். ஆறு மாதம் கதிரையில் இருந்தால் பஞ்சு காய்கிறது.

இன்னொன்று, குருத்தெலும்புக்கு வலி நரம்பும் இல்லை. வலி வருவது அதன் கீழுள்ள எலும்பில் இருந்தும், மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு, உறை, தசைநார்களில் இருந்தும். எக்ஸ்ரேயில் இடைவெளி மிகவும் குறைந்திருந்தும் நன்றாக நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லாமல் வலியில் துடிப்பவர்களும் இருக்கிறார்கள். 45 வயதுக்கு மேல், நடந்தால் கூடுகிற வலி, காலையில் எழும்பும்போது அரை மணித்தியாலத்துக்குள் விட்டுப்போகிற விறைப்பு என்றால், எக்ஸ்ரே இல்லாமலே இந்த மூட்டுத் தேய்மானத்தைக் கண்டுகொள்ளலாம் என்கிறது 2022 இல் வந்த பிரித்தானிய மருத்துவ வழிகாட்டி. அதே வழிகாட்டி முதல் வைத்தியமாகச் சொல்வது உடற்பயிற்சியை. படத்தைப் பார்த்து நடையை நிறுத்தச் சொன்னது எனக்கு உடன்பாடில்லை.

கால் மடிந்து விழப்பார்க்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எலும்பு நழுவுகிறது என்று பயந்திருப்பீர்கள். பெரும்பாலும் அது தொடையின் முன்பக்கத் தசை செய்கிற வேலை. வலியும் வீக்கமும் இருக்கிற மூட்டைச் சுற்றிய தசையை உடம்பே முழுதாக வேலை செய்யவிடாமல் அடக்கிவிடுகிறது. பயன்படுத்தாத தசை மெலிகிறது, மெலிந்த தசை மூட்டைத் தாங்காது, வலி இன்னும் கூடுகிறது. இந்தச் சுழலை உடைப்பதற்கு மருந்தைவிடக் கதிரை நல்லது. சமையலறைக் கதிரையைச் சுவரோடு ஒட்டிவைத்து அதன் மேல் ஒரு தலையணை போடுங்கள். கையை ஊன்றாமல் மெதுவாக எழும்பி, எழும்பியதைவிட மெதுவாக இருங்கள். ஐந்து தடவை செய்து, சற்று ஆறி, மறுபடி ஐந்து. இரண்டு வாரத்தில் பத்துப் பத்தாக்கலாம். அது சுலபமானால் தலையணையை எடுத்துவிடுங்கள். கட்டிலில் காலை நீட்டி, முழங்காலின் கீழ் சுருட்டிய துவாயை வைத்து, அதை ஐந்து விநாடி அமுக்கிப் பிடிப்பதையும் காலையும் மாலையும் பத்துத் தடவை சேர்த்துக்கொள்ளுங்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டாவது வாரத்தில் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று விடுகிறவர்கள்தான் அதிகம்.

கோயிலுக்கு நடக்கலாம், ஒரேயடியாக அல்ல. முதல் இரண்டு மூன்று வெள்ளி ஓட்டோவில் மேலே போய் இறங்கி, திரும்பும்போது மரநிழலில் மான் படுத்திருக்கிற இடம் வரை மட்டும் நடந்து பாருங்கள். நடக்கும்போது வலி கொஞ்சம் கூடினால் பயமில்லை. மறுநாள் காலையில் பழைய அளவுக்கு வந்துவிட்டால் நடந்த தூரம் சரி. வராவிட்டால் அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள், நிறுத்தவேண்டாம். செருப்பு கழற்றும் இடம் வரை மென்மையான அடியுள்ள செருப்புப் போடுங்கள், வெறுங்காலில் தார் ரோட்டில் நேர்த்தி வேண்டாம். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். ஊன்றுகோல் பிடித்தால் வலது முழங்காலுக்கு இடது கையில் பிடிக்கவேண்டும், பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள். கோல் பிடித்தால் வயதாகிவிட்டது என்று ஊர் நினைக்குமே என்பவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

கடலும் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உடல் எடையில் ஏறக்குறையப் பாதிதான் காலில் இறங்கும். மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளிப் பக்கம் கடல் குளம் போலக் கிடக்கும் காலைகளில் இருபது நிமிடம் தண்ணீருக்குள் நடக்கலாம், துணைக்கு ஒருவரோடு. வாடைக் காற்று தொடங்கினால் கதிரையோடு நில்லுங்கள்.

கன்னியா? போங்கள். சூடு தசையை இளக்கும், விறைப்பு விடும், சில மணித்தியாலம் சுகமாக இருக்கும். அந்தச் சுகம் இருக்கும்போதே பயிற்சி செய்தால் இரட்டை லாபம். மூட்டுக்குள் எதையும் அது மாற்றாது. சீனி உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கலாம், ஏழு கிணற்றுக்கும் ஏழு சூடு, ஆகவே கையால் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். வீட்டில் சுடுதண்ணீர்ப் போத்தல் வைக்கும்போதும் இதே கவனம் வேண்டும்.

எடை பற்றி நீட்டவில்லை. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் இறங்கும் பாரம் நாலு கிலோ அளவு குறைகிறது என்று 2005 இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. கூடிய அந்த நாலு கிலோவை இறக்கினாலே அடிக்குப் பதினாறு. ஏழு கிலோ, அதாவது பத்தில் ஒரு பங்கு குறைத்தால் வலியிலேயே நல்ல மாற்றம் தெரியும். தேநீரில் போடுகிற சீனியில் இருந்து தொடங்குங்கள், அது மற்ற வருத்தத்துக்கும் நல்லது. குந்தி இருந்து திருவலையில் தேங்காய் துருவுவதை விட்டு மேசையில் பூட்டுகிற துருவி வாங்குங்கள். மலசலகூடத்துக்குக் கொமட்.

மருந்துகளில் உங்களுக்குப் பொருந்துவது டைக்குளோஃபெனாக் ஜெல். முழங்கால் மூட்டு தோலுக்குக் கிட்ட இருப்பதால் பூசுவது உள்ளே போய் வேலை செய்கிறது. நாளுக்கு மூன்று நாலு தடவை, வலிக்கிறபோது மட்டும் அல்லாமல் சில வாரம் ஒழுங்காகப் பூசவேண்டும். அதே மருந்தைக் குளிசையாகப் பாமசியில் கேட்டு வாங்காதீர்கள். லொசார்ட்டன், எனலாப்ரில் மாதிரியான பிரஷர் குளிசையோடும் சலம் போகிற குளிசையோடும் அது சேர்ந்தால் சிறுநீரகத்தை ஒரே நேரத்தில் மூன்று பக்கமும் இருந்து நெருக்குகிறது. வயிற்றுப் புண்ணும் பிரஷரும் வேறு. பனடோல் இந்த வலிக்குப் பெரிதாக உதவுவதில்லை. குளுக்கோசமினும் அப்படியே: 2006 இல் அமெரிக்காவில் பெரிய ஆய்வொன்றில் மொத்தத்தில் மருந்தே இல்லாத வெறும் குளிசையை அது வெல்லவில்லை. மகன் அன்போடு அனுப்புவது, கெடுதல் அதிகம் இல்லை, ஆனால் அந்தக் காசுக்கு நல்ல செருப்பு அனுப்பச் சொல்லுங்கள். மூட்டுக்குள் போடும் ஸ்டீரொயிட் ஊசி சில வாரங்களுக்கு மட்டும் ஆறுதல் தரும், அடிக்கடி போட்டால் குருத்தெலும்பு இன்னும் மெலியும் என்று 2017 இல் ஒரு ஆய்வு காட்டியது.

நான் சொன்னதெல்லாம் மூட்டுத் தேய்மான வலிக்கு. மூட்டு சிவந்து கொதித்துக் காய்ச்சலும் வந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். காலை விறைப்பு ஒரு மணித்தியாலம் நின்று கைவிரல்களும் வீங்கினால் அது வேறு வாதமாக இருக்கலாம். சிக்குன்குன்யா வந்துபோனவர்களுக்கும் மாதக்கணக்கில் மூட்டு நோவு இழுக்கும்.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் இரவு நித்திரை கெட்டு, வீட்டுக்குள் நடப்பதே பாடாக இருந்தால் மூட்டு மாற்றும் சத்திரசிகிச்சை பற்றி எலும்பு வைத்தியரிடம் கேளுங்கள். இப்போது வைக்கிற மூட்டுகளில் பத்துக்கு எட்டு இருபத்தைந்து வருடம் தாங்குகின்றன. ஆனால் அதற்குப் போனாலும் மறுநாளே கட்டிலில் இருந்து எழுப்பி நடக்கச் சொல்வார்கள். அப்போது உங்களைத் தூக்கி நிறுத்தப்போவதும் அந்தக் கதிரையில் வளர்த்த தொடைதான்.