வெளிநாட்டில் மசாஜ்: நல்ல கடை எது? டெல்டாக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

சிங்கப்பூரில் உரிமம் பெற்ற மசாஜ் நிலையம் ஒன்றில் பல வருடம் கவுண்டரைப் பார்த்துக்கொண்டவன் நான். இப்போது மன்னார்குடியில் இருக்கிறேன். சம்பா அறுவடை முடிந்ததும் திருச்சியில் விமானம் ஏறுகிறவர்கள் கூடிவிட்டார்கள், கேள்விகளும் கூடிவிட்டன. தெரிந்ததைச் சொல்கிறேன். விசா, டிக்கெட், ஓட்டல் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.

கும்பகோணம்: அண்ணே, நாலு பேர் முதல் தடவையா பாங்காக் போறோம். தெருவுக்குப் பத்து மசாஜ் கடையாமே. நல்ல கடைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வாசலில் நின்றே முக்கால்வாசி தெரிந்துவிடும் தம்பி. முதலில் சுவரைப் பாருங்கள். தாய்லாந்தில் 2016-இல் கொண்டுவந்த சட்டப்படி ஸ்பாவும் மசாஜ் கடையும் பொது சுகாதார அமைச்சகத்தின் கீழுள்ள துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். ஒழுங்கான கடையில் அது கவுண்டர் பக்கத்தில் கண்ணில் படும்படி தொங்கும். அடுத்தது விலைப் பலகை. எந்த மசாஜ், எத்தனை நிமிடம், எத்தனை பாட் (தாய்லாந்துப் பணம்) என்று வெளியிலேயே எழுதியிருக்க வேண்டும். ‘ஸ்பெஷல்’ என்று மட்டும் போட்டு விலை போடாத கடைக்குள் கால் வைக்காதீர்கள்.

பிறகு கண்ணாடி வழியாக உள்ளே பாருங்கள். நல்ல கடையில் முன்பக்கமே வரிசையாக நாற்காலி போட்டுக் கால் மசாஜ் நடக்கும். வயதானவர்கள், பெண்கள், குடும்பமாக வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வேலை செய்கிறவர்கள் ஒரே சீருடையில் இருப்பார்கள், பலர் நாற்பதைத் தாண்டியவர்கள். கண்ணாடியில் கறுப்புத்தாள் ஒட்டிய கடை, வாசலில் பெண்களை நிறுத்திக் கையைப் பிடித்து இழுக்கும் கடை, வரிசையாக உட்காரவைத்து ‘யார் வேண்டும்’ என்று கேட்கும் கடை, இங்கெல்லாம் மசாஜ் வெறும் பெயருக்குத்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: டுக்டுக்காரர் (அங்கத்து ஆட்டோக்காரர்) கூட்டிப் போகும் கடைக்குப் போகாதீர்கள். அவருக்குக் கமிஷன் உண்டு, அது உங்கள் பில்லில்தான் ஏறும்.

நாகப்பட்டினம்: வாட் போ கோயில்லயே மசாஜ் பண்றாங்களாம், நிஜமா? கோயிலுக்குள்ள எப்படி?

நிஜம்தான். இந்தக் கேள்வி வந்ததில் எனக்குச் சந்தோஷம். வாட் போ, பாங்காக் அரண்மனையை ஒட்டிய புத்தர் கோயில். மூன்றாம் ராமா மன்னர் 1830-களில் அதைப் புதுப்பித்தபோது வைத்தியம் உட்படத் தெரிந்த கலைகளையெல்லாம் கல்லில் வெட்டி வைத்தார். மனித உருவம் வரைந்து, எந்த இடத்தில் அழுத்தினால் எந்த வலி போகும் என்று கோடு போட்டுக் காட்டிய கல்வெட்டுகளை இன்றும் பார்க்கலாம். அங்குள்ள கல்வெட்டுத் தொகுதியை 2011-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 1955-இல் கோயிலிலேயே பாரம்பரிய மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். தாய் மசாஜ் 2019-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. அவர்கள் குருவாகக் கும்பிடுவது புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகரை. ஒரு காலத்தில் சோழன் நிலம் விட்ட புத்த விகாரை இருந்த நாகப்பட்டினத்துக்காரர் நீங்கள், உங்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். தொளதொளவென்று கால்சட்டையும் சட்டையும் தருவார்கள். எண்ணெய் கிடையாது, உடை மேல்தான் எல்லாம். மெத்தையில் படுக்கவைத்துப் பாதத்தில் தொடங்குவார்கள். கட்டைவிரல், உள்ளங்கை, முன்கை, முழங்கை என்று அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். தொடையின் பின்பக்கத்தில் முழங்கை இறங்கும்போது மூச்சு நிற்கும். வெட்கப்படாமல் ‘பாவ் பாவ்’ என்று சொல்லுங்கள், மெதுவாக்குவார்கள். கழுத்தைச் சடக்கென்று திருப்ப வந்தால் வேண்டாம் என்று கையை ஆட்டிவிடுங்கள். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரக்கூடிய வேலை அது. எந்த நாடானாலும், எவ்வளவு பெரிய ஆளானாலும், கழுத்தைத் திருப்ப விடாதீர்கள்.

திருத்துறைப்பூண்டி: ‘அந்த மாதிரி’ மசாஜ் எங்க கிடைக்கும், பாதுகாப்பான இடமா ஒண்ணு சொல்லுங்களேன்.

சொல்ல மாட்டேன். தாய்லாந்தில் விபசாரம் 1996 சட்டப்படி குற்றம். 18 வயதுக்குக் கீழ் என்றால் போனவனுக்கே சிறை. கதவைப் பூட்டிவிட்டுப் பேசியதைப்போல் ஐந்து மடங்கு கேட்டால் அங்கே யாரிடம் போய் முறையிடுவீர்கள்? கடனுக்கு அடகுபோன பெண்கள் அந்த அறைகளில் இருக்கிறார்கள். அடுத்த கேள்வி.

மயிலாடுதுறை: ஐயா, எல்லாக் கடையும் அப்படித்தான். அங்கே வேலை பார்க்கிறதுகளும் அப்படித்தான். குடும்பஸ்தன் போகிற இடமா அது?

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியாது. நான் இருந்த கடையில் ஒரு சீனத்து அம்மா வேலை செய்தார். கட்டைவிரல் கணு இரண்டும் வீங்கியே இருக்கும். ஒவ்வொரு ஆளுக்கும் இடையில் வெந்நீரில் கை முக்கிக்கொண்டு உட்காருவார். அந்தக் கையால் மகனைக் காலேஜில் படிக்கவைத்தார். ‘அப்படித்தான்’ என்கிற சொல் அவர் மேலும் விழுகிறது. அந்த எண்ணத்தோடு உள்ளே வருகிறவன்தான் துண்டை விலக்கிவிட்டுப் படுப்பான், கையைப் பிடிப்பான். அப்படி வந்தவர்களை வெளியே அனுப்புவதும் கவுண்டரில் என் வேலை. நம்மூர் ஆட்களையும் அனுப்பியிருக்கிறேன்.

பாபநாசம்: மயிலாடுதுறைக்காரர் சொல்றதுலயும் நியாயம் இருக்குண்ணே. சிங்கப்பூர்லயே அடிக்கடி போலீஸ் ரெய்டுன்னு செய்தி வருதே?

வருகிறது. ரெய்டு நடப்பதால்தான் மிச்சக் கடைகளை நம்பலாம் என்கிறேன். அங்கே உரிமம் கொடுப்பதே போலீஸ்தான். 2018 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி உரிமம் இல்லாமல் கடை நடத்தினால் முதல் தடவையே 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. சுவரில் உரிமம் இல்லாத கடையில் நீங்கள் படுத்திருக்கும்போது போலீஸ் வந்தால் அது உங்களுக்கு ஏற்பட்ட வம்பு. உரிமம் உள்ள கடையில் வந்தால் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

மயிலாடுதுறை: உரிமத்தை மாட்டிவிட்டு உள்ளே வேறு வேலை செய்கிறவன் இல்லையா?

இருக்கிறான். அதனால்தான் சுவரை மட்டும் பார்க்காமல் அங்கே வேலை செய்கிற பெண்ணையும் பாருங்கள் என்கிறேன். எண்ணெய் மசாஜ் என்றால் துண்டு போர்த்தியிருக்கும். தேர்ந்த கை எந்தக் காலுக்கு வேலையோ அதை மட்டும் திறந்து, துண்டின் ஓரத்தைத் தொடைக்கடியில் செருகி, முடித்ததும் மூடிவிட்டு அடுத்த காலுக்குப் போகும். அழுத்தம் போதுமா என்று கேட்கும். முறைகேடாக ஒருவன் பேசினால் அந்தப் பெண் எழுந்து வெளியே வந்துவிடலாம், முதலாளி அவள் பக்கம் நிற்பார். இது எந்தக் கடையில் நடக்கிறதோ அதுதான் ஐயா நல்ல கடை. வேலை செய்கிறவள் பயந்த கண்ணோடு இருந்தால், பதிலுக்கு இன்னொருவர் முகத்தைப் பார்த்தால், காசு போனாலும் எழுந்து வந்துவிடுங்கள். தாய்லாந்தில் 1300 என்ற அரசு உதவி எண்ணில் சொல்லலாம், சுற்றுலா போலீஸ் 1155.

ஒரத்தநாடு: தம்பி, எங்க அக்கா மகளுக்கு பாங்காக்ல தாய் மசாஜ் வேலை, மாசம் லட்சம்னு ஒரு ஏஜென்ட் சொல்றாரு. சுற்றுலா விசால போய் மாத்திக்கலாமாம்.

அனுப்பாதீர்கள் அம்மா. தாய் மசாஜ் செய்வது தாய்லாந்துக்காரர்களுக்கு மட்டும் ஒதுக்கிய வேலை, 2020-இல் அரசு வெளியிட்ட பட்டியலிலேயே அது இருக்கிறது. வெளிநாட்டுப் பெண்ணுக்குச் சட்டப்படி அந்த வேலை கிடைக்க வழியே இல்லை. ஆக அவர் சொல்வது பொய், அங்கே போனபின் வேறு வேலைதான் காத்திருக்கும். எந்த நாடானாலும் சரி, ஏஜென்ட் இந்திய அரசிடம் பதிவு செய்தவரா என்று இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது, அங்கே கேளுங்கள். பாஸ்போர்ட்டை ஏஜென்ட் கையில் கொடுத்திருந்தால் இன்றைக்கே திரும்ப வாங்கிவிடுங்கள். வாங்கியதும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் அம்மா.

நீடாமங்கலம்: பாங்காக்ல நல்ல கடைன்னு வாசல்ல எப்படித் தெரியும்?

கும்பகோணத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வேதாரண்யம்: டுக்டுக்காரர் நல்ல மனுஷன், இந்தியாமேல பாசமா பேசுறாரு. அவர் காட்டுற கடைக்குப் போகலாமா?

வேண்டாம் என்றேனே. பாசம் வேறு, கமிஷன் வேறு.

திருவையாறு: பொண்ணுங்க மட்டும் ரெண்டு பேர் போறோம். ஆண்தான் மசாஜ் பண்ணுவார்னு சொன்னா?

பெண்தான் வேண்டும் என்று பணம் கட்டும் முன்பே சொல்லுங்கள். ஒரே அறையில் இருவருக்கும் இடம் கேட்கலாம். தயங்கினால் அடுத்த கடை.

பட்டுக்கோட்டை: அண்ணே, அம்மாவை மலேசியா கூட்டிட்டுப் போறேன். சர்க்கரை இருக்கு, கால் மரத்துப்போகும். கால் மசாஜ் நல்லதா?

கால் மரத்துப்போகிறவருக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்தபின்தான் தெரியும். மூலிகை ஒத்தடம், சூடான கல், மரக்குச்சியால் பாதத்தைக் குத்துவது மூன்றும் கூடாது. பாதத்தில் புண், வெடிப்பு இருந்தால் மசாஜே வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று டாக்டரிடம் கேளுங்கள். விமானத்தில் இறங்கியபின் ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அதை யாரும் பிடித்துவிட விடக்கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் நுரையீரலுக்குப் போய்விடும், நேரே ஆஸ்பத்திரிதான்.

இதெல்லாம் இல்லையென்றால், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையங்கள் இருக்கின்றன. நம்மாட்கள் நிறைந்த பகுதி, தமிழிலேயே பேசலாம். தோள், முதுகுக்கு மட்டும் அரை மணி நேரம் கேளுங்கள். சர்க்கரை இருப்பதை அம்மாவே வாய்விட்டுச் சொல்லட்டும்.

திருவாரூர்: டிப்ஸ் எவ்வளவு?

பாங்காக்கில் ஒரு மணி நேரத்துக்கு 50 முதல் 100 பாட். கவுண்டரில் வைக்காமல் மசாஜ் செய்தவர் கையிலேயே கொடுங்கள்.