சுகர் டெஸ்ட்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கத்தில் 24 வருடமாக லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். சுகர் டெஸ்ட் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். மாத்திரையைக் கூட்டலாமா குறைக்கலாமா என்பதை மட்டும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், அது என் வேலை இல்லை.

தேவிபட்டினத்திலிருந்து: அண்ணே, பாஸ்டிங் (வெறும் வயிற்றுச் சுகர்) எடுப்பதற்கு முன் தண்ணீர் குடிக்கலாமா?

தாராளமாகக் குடிக்கலாம், வெறும் தண்ணீர். எட்டு மணி நேரம் வேறு எதுவும் உள்ளே போகக் கூடாது. சுகர் மாத்திரையையும் இன்சுலினையும் கையோடு கொண்டு வாருங்கள், ரத்தம் கொடுத்த பிறகு வழக்கம்போல் எடுத்துக்கொண்டு சாப்பிடலாம்.

பாம்பனிலிருந்து: வீட்டு மெஷினில் 161. அரை மணி நேரத்தில் லேபில் 146. எது பொய்?

இரண்டுமே பொய் இல்லை. வீட்டு மெஷினுக்கு உலக அளவில் ஒரு விதி இருக்கிறது. லேப் எண் 100 அல்லது அதற்கு மேல் இருந்தால் 15 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம், 100க்குக் கீழே என்றால் 15 புள்ளி வரை. 100 தடவை பார்த்தால் 95 தடவையாவது இதற்குள் வர வேண்டும். உங்கள் 146க்கு மெஷின் 124 முதல் 168 வரை எதைக் காட்டினாலும் அது கெட்டுப்போனதாக அர்த்தம் இல்லை. அதோடு சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் சுகர் கை நரம்பு ரத்தத்தை விடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

ஆனால் நீங்கள் பாம்பன்காரர் என்பதால் ஒன்று கேட்கிறேன், மெஷினில் செருகி ரத்தச் சொட்டு வைக்கும் ஸ்ட்ரிப் இருக்கிறதே, அந்த டப்பாவை எங்கே வைத்திருக்கிறீர்கள்? நம் ஊர்க் காற்றில் உப்புப் பொட்டலமே இரண்டு நாளில் நசநசத்துப் போகிறது. ஸ்ட்ரிப்பின் நுனியில் இருப்பது நொதி, ஈரம் பட்டால் அதுவும் கெடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடற்கரையில் நடந்த ஒரு முகாமில் டப்பாவைத் திறந்தே வைத்துவிட்டேன். மதியத்துக்கு மேல் எண்கள் தாறுமாறாக வந்தன. ஒரு அம்மா தன் எண்ணைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்து அழுதார், மறுநாள் லேபில் எடுத்தால் அவருக்குச் சுகரே இல்லை. அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்த கையோடு மூடியை அழுத்தி மூடுங்கள்.

தொண்டியிலிருந்து: டாக்டர் பிபி பார்க்கச் சொன்னார், பார்த்தாச்சு, 130/80. லேபில் மறுபடி பிபி எடுக்க வேண்டும் என்கிறார்கள். ஏன் இரண்டு தடவை?

தினம் நான்கு பேராவது இப்படிக் குழம்பி வருகிறார்கள். கையில் பட்டை கட்டிப் பார்ப்பது ரத்த அழுத்தம் (BP). லேபில் சொல்லும் பிபி (PP) என்பது சாப்பிட்ட பின் எடுக்கும் சுகர். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி சொல்வதால் வரும் தொல்லை இது. முதல் வாய் இட்லி உள்ளே போன நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கணக்கு, சாப்பிட்டு முடித்ததிலிருந்து இல்லை. மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அன்றும் வழக்கமான மாத்திரையைப் போட்டு, வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட வேண்டும்.

திருப்புல்லாணியிலிருந்து: பாஸ்டிங்குக்கு முன் டீ குடிக்கலாமா?

கூடாது.

கீழக்கரையிலிருந்து: நோன்பு நேரத்தில் விரலில் குத்திச் சுகர் பார்த்தால் நோன்பு முறியுமா? உம்மா பார்க்கவே மாட்டேன் என்கிறார்.

முறியாது என்றுதான் மார்க்க அறிஞர்கள் பரவலாகச் சொல்கிறார்கள், சுகர் நோயாளிகளின் நோன்புக்கென்று வந்த மருத்துவ வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. உங்கள் ஊர் ஆலிமிடமே கேட்டு அவர் வாயால் உம்மாவுக்குச் சொல்லச் சொல்லுங்கள், நான் சொல்வதை விட அது எடுபடும். சஹருக்கு முன், நடுப்பகலில், அஸருக்குப் பின், நோன்பு திறந்து இரண்டு மணி நேரம் கழித்து என்று பாருங்கள். தலைசுற்றல், படபடப்பு, வியர்வை வந்தால் எந்த நேரமானாலும் பாருங்கள். 70க்குக் கீழே போனாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும். நோன்பு வைக்கலாமா என்பதையே ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால் டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது. நோன்பு திறந்ததும் தொதல் இனிப்புத் தட்டைப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

ஏர்வாடியிலிருந்து: அம்மாவுக்குப் பாஸ்டிங் 118தான். ஆனால் மூன்று மாத சுகர் 8.1. லேப் தப்பு பண்ணிவிட்டதா?

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் மூன்று மாத சுகர் என்று சொல்லும் எச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது. சிவப்பணு 120 நாள் வரை உயிரோடு இருக்கும், அதனால் இரண்டு மூன்று மாதக் கதை அதில் தெரியும். 5.7க்குக் கீழே என்றால் பயமில்லை, 6.5ம் அதற்கு மேலும் என்றால் சுகர். பாஸ்டிங்கில் அதே கோடு 126. அம்மாவின் இரண்டு எண்ணும் ஒத்துப்போகாததற்கு மூன்று காரணம் இருக்கலாம். காலையில் சரியாக இருந்து சாப்பிட்ட பின் எகிறலாம், அதைச் சாப்பிட்ட பின் எடுத்தால்தான் பிடிக்க முடியும். அல்லது இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருக்கலாம், அப்போது எச்பிஏ1சி உள்ளதை விடக் கூட்டிக் காட்டும். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் நம்ப முடியாத எண் வரும். ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது காரணத்தை அம்மாவிடமே கேளுங்கள். டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்னால் சோற்றைக் குறைத்து, பத்தியம் இருந்து, நல்ல எண்ணோடு டாக்டரைப் பார்க்கப் போகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். டாக்டர் அந்த எண்ணை நம்பி மாத்திரையை அப்படியே விட்டுவிடுவார், பாதத்தில் புண் வந்த பிறகு என் லேபுக்குத் திரும்ப வருவார்கள். தயவுசெய்து வேண்டாம். எப்போதும் சாப்பிடுவதைச் சாப்பிட்டு வாருங்கள்.

திருப்பாலைக்குடியிலிருந்து: சீனி போடாத டீ என்றால் பாஸ்டிங்குக்கு முன் குடிக்கலாம்தானே?

பாலிலேயே சர்க்கரை இருக்கிறது. கூடாது. மேலே இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டேன், படித்துவிட்டுக் கேளுங்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து: ஐந்து மாதக் கர்ப்பம். சாப்பிட்டுவிட்டுப் போனாலும் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து ரத்தம் எடுத்தார்கள். சரிதானா?

சரிதான் தங்கச்சி. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 140ம் அதற்கு மேலும் வந்தால் கர்ப்பகாலச் சுகர். வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வர முடியாத பெண்களை மனதில் வைத்து வந்த முறை இது, சென்னை மருத்துவர் வி. சேஷய்யா இதற்காக நிறைய உழைத்தவர். குளுக்கோஸ் குடித்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மட்டும் இன்னொரு நாள் செய்ய வேண்டும்.

சாயல்குடியிலிருந்து: கருப்பட்டி சாப்பிட்டால் சுகர் ஏறாது அல்லவா? வீட்டில் எல்லோருக்கும் கருப்பட்டிக் காபிதான்.

ஏறும். கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ், சீனியில் இருப்பதும் அதுவே.

மறுபடி சாயல்குடியிலிருந்து: தப்பாகச் சொல்கிறீர்கள். எங்கள் தாத்தா கடைசிவரை கருப்பட்டிதான் சாப்பிட்டார், சுகரே கிடையாது.

தம்பி, தாத்தா பனையேறியா? ஒரு நாளைக்கு எத்தனை மரம், காலையும் மாலையும்? அந்த உழைப்பில் எரிந்த சர்க்கரையை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நம் உடம்போடு எப்படி ஒப்பிடுவது? கருப்பட்டியை நான் குறைவாகப் பேசவில்லை. அதில் தாது உப்பு இருக்கிறது, நம் மண்ணின் பிழைப்பு அது, வாங்குங்கள். சுகர் உள்ளவர் அதைச் சீனிக் கணக்கில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் சொல்கிறேன்.

மூக்கையூரிலிருந்து: நானும் தம்பி கட்சிதான். அப்பாவுக்கு இன்சுலின். கடலில் ஒருமுறை கைநடுங்கி வியர்த்துக் கொட்டியபோது மடியில் இருந்த கருப்பட்டித் துண்டைத்தான் வாயில் போட்டார், பத்து நிமிடத்தில் எழுந்து வலையைப் பிடித்தார். அது மருந்தய்யா.

அப்பா செய்தது சரி, அதுதான் லோ சுகர். ஆனால் ஏன் எழுந்தார் என்று யோசியுங்கள். சுகர் ஏறியதால்தானே எழுந்தார்? சுகரை ஏற்றாத பொருளாக இருந்திருந்தால் அன்று கடலில் அவரைக் காப்பாற்றியிருக்காது. இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்கள் படகில் குளுக்கோஸ் பவுடர் அல்லது மூன்று ஸ்பூன் சீனியாவது தண்ணீர் புகாத டப்பாவில் வைத்திருக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. வெறும் வயிற்றில் கடலுக்குப் போகக் கூடாது.

சாயல்குடி தம்பிக்கு: நான் சொல்வதை நம்ப வேண்டாம். வீட்டில் சுகர் உள்ளவர் யார்? அவருடைய அளவையே எடுங்கள். ஒரு நாள் காலை சீனிக் காபி, இன்னொரு நாள் அதே எடையில் கருப்பட்டிக் காபி, குடிக்கும் முன்னும் ஒரு மணி நேரம் கழித்தும்.

நான்கு நாள் கழித்து, சாயல்குடியிலிருந்து: அப்பத்தாவுக்குப் பார்த்தோம் அண்ணே. சீனிக்கு 131லிருந்து 214. கருப்பட்டிக்கு 128லிருந்து 206. எட்டு புள்ளி குறைவுதான்.

பார்த்ததற்கு மிகவும் சந்தோஷம். பாம்பன்காரருக்குச் சொன்ன 15 சதவீதத்தில் அந்த எட்டு புள்ளி அடங்கிப்போகும். அப்பத்தாவிடம் காபியை நிறுத்தச் சொல்லாதீர்கள், கருப்பட்டியை முதலில் பாதியாக்குங்கள், மறுவாரம் அதே நேரத்தில் திரும்பப் பாருங்கள். ஸ்ட்ரிப் டப்பாவை மூடினீர்களா?