நர்சிங்கா, பிசியோதெரபியா? உசிலம்பட்டி வாசகிக்குப் பதில்

கேள்வி: நான் உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள கிராமத்தைச் சேர்ந்தவள். பிளஸ் டூவில் உயிரியல் பிரிவில் தேறி, மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகளுக்கான கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். மதுரையில் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங்கோ, தனியார் கல்லூரியில் பிசியோதெரபியோ கிடைக்கலாம் என்கிறார்கள். அப்பா குத்தகை நிலத்தில் மல்லிகை போடுகிறார். தம்பி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ‘நர்சு வேலையென்றால் நைட் டூட்டி, பிசியோதெரபி என்றால் காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாம்’ என்கிறார் சித்தி. சம்பளம், மன அழுத்தம், குடும்ப வாழ்க்கை மூன்றையும் பார்த்தால் எது நல்லது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் சித்தி சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதியில்தான் எனக்குச் சந்தேகம். இருபத்தெட்டு ஆண்டுகள் வார்டில் கழித்த செவிலியர் நான் என்பதால், என் பதிலில் கொஞ்சம் சாய்வு இருக்கக்கூடும். அதையும் கணக்கில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

மருத்துவமனையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்டுக்குப் பெரும்பாலும் பகல் வேலைதான். ஆனால் அந்தத் தொழிலில் வருமானம் பெருகுவது சொந்த கிளினிக் வைத்தோ, நோயாளியின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோதான். முதுகுவலிக்காரரும் மூட்டுவலிக்காரரும் வேலைக்குப் புறப்படுமுன் வருவார்கள், அல்லது வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு மேல் வருவார்கள். வீட்டில் அடுப்படி வேலை மிகுவதும் பிள்ளைகள் பாடப் புத்தகத்தோடு அம்மாவைத் தேடுவதும் அதே நேரத்தில்தான். இரவு விழிக்க வேண்டாம் என்பது உண்மை. மாலை வேளை உங்களுடையதாக இருக்கும் என்பது உறுதியில்லை.

நர்சிங்கின் இரவுப் பணியை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை. பல தனியார் மருத்துவமனைகளில் அது பன்னிரண்டு மணி நேரம் நீள்கிறது. உடம்பு அதற்குப் பழகுமே தவிர ஒத்துக்கொள்ளாது. பகல் தூக்கம் இராத்தூக்கத்துக்கு ஈடாவதில்லை. உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து வார்டுக்குப் போய், காலையில் அதே வழியில் திரும்புவதை நெடுநாள் தாங்க முடியாது. விடுதியிலோ ஊருக்குள் வாடகை அறையிலோ தங்கத்தான் வேண்டியிருக்கும். ஆனாலும் ரோஸ்டர், அதாவது யாருக்கு எந்த நாள் எந்த ஷிப்ட் என்ற பட்டியல், முன்கூட்டியே கைக்கு வந்துவிடும் என்பதால், எந்த நாள் வீட்டில் இருப்போம் என்று திட்டமிட முடியும். நைட் டூட்டி கல்யாணத்துக்குத் தடை என்று ஊரில் யாராவது சொன்னால், அந்தப் பேச்சை, அந்த வேலையின் சம்பளத்தில் நடக்கும் வீடுகள் நம் பக்கத்திலேயே எத்தனை என்று பார்த்துவிட்டு எடை போடுங்கள்.

மன அழுத்தம் இரண்டிலும் உண்டு. ஆனால் ஒரே மாதிரியானதல்ல. பொது மருத்துவமனையின் சாதாரண வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். நான் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு மருத்துவமனையில், ஓர் இரவு முழு வார்டையும் தனியாகப் பார்த்தேன். விடியற்காலையில் அடுத்த ஷிப்ட் செவிலியரிடம் வார்டை ஒப்படைத்து ஹேண்ட் ஓவர் கொடுத்தபோது, ஒரு மருந்தைக் கொடுத்தேனா இல்லையா என்று நினைவில்லாமல் நின்ற அந்த நிமிடம் இன்றும் மறக்கவில்லை. டோஸ் தவறினால் உயிர் போகலாம் என்ற பயமும், உறவினர்களின் கோபம் முதலில் செவிலியர் மேல் விழுவதும் அந்தத் தொழிலோடு பிறந்தவை. பிசியோதெரபிஸ்டின் சோர்வு மெதுவாக ஏறுவது. பக்கவாதம் வந்தவரின் கை ஒரு விரற்கடை உயர மாதங்கள் ஆகின்றன. நான்கு சிட்டிங்கில் குணமாகவில்லை என்று பாதியிலேயே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. நாள் முழுக்க அழுத்தி, தூக்கி, பிடித்து நிற்பதால் தம் இடுப்பையும் கட்டைவிரலையும் கெடுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

சம்பளத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் வீட்டு நிலைமையில் அதுவே முடிவைத் தீர்மானிக்கும். நம் பகுதித் தனியார் மருத்துவமனைகளில் புதிதாகச் சேரும் இருவருக்கும் தொடக்கச் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை, இருவருக்குமே குறைவுதான். உச்ச நீதிமன்றத் தீர்ப்பையொட்டி 2016-இல் மத்திய அரசின் குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது. வித்தியாசம் அதற்குப் பின்னால்தான் தொடங்குகிறது. மாநில அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் செவிலியர்களைப் பெரும் எண்ணிக்கையில் எடுக்கிறது. முதலில் மாதாமாதம் ஒரே தொகையான தொகுப்பூதியம்தான், 2015-இல் தேர்வெழுதிச் சேர்ந்தவர்களில் பலர், நிரந்தரப் பணியாளருக்குரிய காலமுறை ஊதியத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. மத்திய அரசின் எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்குச் செவிலியர்களை எடுக்கும் நார்செட் தேர்வில் வென்றால் அடிப்படை ஊதியமே 44,900 ரூபாய், படிகள் தனி. வெளிநாடு போக நினைத்தால், ஏஜெண்டுகளிடம் பணத்தைக் கொடுக்குமுன் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை அணுகலாம். பிசியோதெரபிக்கு அரசுப் பணியிடங்கள் மிகக் குறைவு. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீடு தேடிச் செல்லும் பிசியோதெரபிஸ்டுகளுக்கு வேலை கொடுத்திருக்கிறது, ஆனால் அது ஒப்பந்த வேலை. கிளினிக் வைத்து நிலைத்தவர்கள் செவிலியரைவிட நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். நிலைப்பதற்கு இடத்துக்கு அட்வான்ஸ், கருவிகள், பெயர் பரவும்வரை சில ஆண்டுகள் எனக் கைமுதல் வேண்டும்.

அந்தச் சில ஆண்டுகளைத் தாங்கும் நிலையில் உங்கள் வீடு இப்போது இல்லை என்றே உங்கள் கடிதம் சொல்கிறது. நர்சிங் நான்கு ஆண்டுகள். பிசியோதெரபி இதுவரை ஆறு மாதப் பயிற்சியோடு நாலரை ஆண்டு. 2025-இல் வெளியான தேசியப் பாடத்திட்டம் அதை ஐந்தாண்டாக நீட்டுகிறது. நீங்கள் பட்டம் வாங்கும்போது தம்பியும் கல்லூரி வாசலில் நிற்பான். அரசுக் கல்லூரிக் கட்டணத்துக்கும் தனியார் கல்லூரிக் கட்டணத்துக்கும் உள்ள தூரத்தை மல்லிகை விலையை நம்பிக் கடக்க வேண்டாம்; ஒரு மாதம் எட்டாத உயரத்துக்கு ஏறி, மறு மாதம் பறிப்புக் கூலிக்கும் கட்டாமல் இறங்குவது அந்த விலை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருந்தால், புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் கைச்செலவுக்கு உதவும்.

ஆகவே விருப்பப் பட்டியலில் மதுரை மருத்துவக் கல்லூரியின் நர்சிங்கை முதலிலும் பிற அரசு நர்சிங் கல்லூரிகளை அடுத்தும் எழுதுங்கள். பிசியோதெரபியில்தான் மனம் நிற்கிறது என்றால், திருச்சி அரசு பிசியோதெரபி கல்லூரியை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள்; அந்த இடம் கிடைத்தால் நான் மேலே சொன்ன கட்டணக் கவலை பெரும்பகுதி நீங்கிவிடும். தனியார் பிசியோதெரபி இடத்தைப் பட்டியலின் கடைசியில் வையுங்கள், அதையும் நான்கரை ஆண்டா ஐந்தாண்டா என்று அந்தக் கல்லூரியில் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு.